சங்குக்காசின் ஓரம்

பதுளை மொஹிதீன் ஹாஜியாரின் வீட்டுக்குப் போகிறவர்கள் செருப்பை வாசலிலும் கைகளைச் சட்டைப்பையிலும் விட்டுவிட வேண்டும். அங்கே எதையும் தொடக்கூடாது. மனுஷர் ஜவுளிக்கடையில் சம்பாதித்ததையெல்லாம் செத்துப்போன மகாராஜாக்களின் வெள்ளிக்காசுகளாக மாற்றி, சிவப்பு வெல்வெட் விரித்த தட்டில் படுக்கவைத்திருந்தார். ஹைதராபாத் நிஜாமின் சார்மினார் ரூபாய், தலைப்பாகையோடு பரோடா மகாராஜா, கட்ச் நாட்டுக் கோரி, 'லண்டனின் நண்பன்' என்று பொறித்துக்கொண்டு வெள்ளைக்காரனிடம் நல்ல பெயர் வாங்கப் பார்த்த மேவார் ரூபாய். சிம்மாசனம் போன சமஸ்தான ராஜாக்கள் எல்லாரும் ஹாஜியாரின் மேசைமேல் சௌக்கியமாக இருந்தார்கள்.

"நாடு போனாலும் இவங்களுக்குத் தட்டுல இடம் கிடைச்சீக்கு. எனக்கு பஸ் ஸ்டாண்டுல ஓட்டோ நிப்பாட்ட இடமில்ல" என்று றினாஸ் முணுமுணுத்தான்.

யாரும் சிரிக்கவில்லை. றினாஸுக்கு அது புதிதல்ல. நாற்பது வயதாகிறது, சொந்த ஓட்டோ இருக்கிறது, அதைவிட வேகமாக ஓடும் வாய் இருக்கிறது. துப்பறியும் ஷஹீலாவுக்கு அவன்தான் சாரதி, உதவியாளன், தலைவலி எல்லாம். ஷஹீலா முன்பு காப்புறுதிக் கம்பெனிக்காகப் பொய்க் கணக்குகளைத் தேடிப் பிடித்தவள். இப்போது மருந்துக்கடை மாடியில் ஓர் அறை எடுத்து, பெரும்பாலும் மாப்பிள்ளைகளின் லட்சணத்தை விசாரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை அவன் தாத்தா என்று கூப்பிடுவான். அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா. தெரியாதவர்கள் கேட்டு முழிப்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

ஆனால் இன்றைக்கு வந்த காரியம் மாப்பிள்ளைக் காரியம் அல்ல. கதவோரமாக நின்ற யசோதினியின் பார்வை தட்டின் மூலையில் இருந்த ஒரே ஒரு காசின்மேல் குத்தி நின்றது. திருவிதாங்கூர் அரை ரூபாய். நடுவில் சங்கு. மேலே கயிறு கோக்க ஒரு துளை. ஒரு பக்கத்து ஓரம் மட்டும் தேய்ந்து தட்டையாகிவிட்டது.

"இது எங்கம்மாவோடதுங்க" என்றாள் அவள். இந்த வாரத்தில் எத்தனையாவது தடவையோ சொல்லிவிட்டாள்.

அவளுடைய அம்மா ரெங்கம்மா, மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்த காலையில் நாலு வயது மகன் நிமலனோடு மண்ணுக்குள் போனவள். இருவரும் கிடைக்கவேயில்லை. யசோதினி அப்போது கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றாள். அப்பா அழகர் மட்டும் பிழைத்திருந்தார். அடையாளம் கேட்டு எழுதிக்கொண்டவர்களிடம், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சங்குக்காசு போட்டிருப்பார்கள் என்று யசோதினிதான் சொன்னாள். அப்பா பக்கத்தில் நின்று தலையாட்டினார். பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. உடல் கிடைக்காதவளுக்குக் கருமாதி செய்யக்கூடாது என்று யசோதினி பிடிவாதமாக நின்றாள். அம்மா படத்துக்கு மாலை போடவில்லை, விளக்கேற்றவில்லை. சொந்தக்காரர்கள் பைத்தியம் என்றார்கள். பிறகு ஒருநாள் பதுளையில் நடந்த காசுக் கண்காட்சியில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அம்மாவின் கழுத்துக்காசு அவளைப் பார்த்தது.

மண்ணுக்குள் போன காசு கடைக்கு வந்தது எப்படி? யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள். அம்மாவே கொண்டுவந்திருந்தால்? தலையில் அடிபட்டு, ஊர் பேர் மறந்து, எங்கேயோ உயிரோடு இருந்தால்? இந்தக் கேள்வி யசோதினியைத் தின்றுகொண்டிருந்தது. இன்னொரு பக்கம் அழகர் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்கவேண்டியவர்களை வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா போவதற்குள் அம்மாவைக் கண்டுபிடித்தாக வேண்டும். அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

ஷஹீலா பூதக்கண்ணாடியை வாங்கிக் காசைப் பார்த்தாள். காசு முழுக்கக் கறுத்திருந்தது. அந்தத் தட்டை ஓரம் மட்டும் வெளுப்பாகப் பளபளத்தது.

"ஹாஜியார், இதை நீங்க மினுக்கினீங்களா?"

மொஹிதீன் ஹாஜியாருக்கு முகம் சிவந்துவிட்டது. பழைய வெள்ளியின் கறுப்பு பல வருஷம் காத்திருந்து வாங்கும் கௌரவம் என்றும், காசைத் தேய்த்துக் கழுவுகிறவன் கொலைகாரனுக்குச் சமம் என்றும் ஒரு பிரசங்கமே செய்தார். மூன்று மாதத்துக்கு முன் பெரகல சந்தியில் பழைய வெள்ளி வாங்கும் நிஸாமிடமிருந்து எடுத்தாராம். அப்போதே ஓரம் அப்படித்தான் இருந்ததாம். வெள்ளிதானா என்று பார்க்க நிஸாம்தான் அரம் போட்டிருக்க வேண்டும், நாசமாய்ப் போனவன் என்றார். துளையும் தேய்மானமும் உள்ள காசு அவர் தட்டுக்கு லாயக்கில்லை. ஆனாலும் திருவிதாங்கூருக்கு இடம் காலியாக இருந்ததே என்று வைத்துக்கொண்டார்.

"அரம் போட்டா கோடு கோடா ஈக்கும். இது வழுவழுன்னு வளைஞ்சு தேய்ஞ்சீக்கு. தண்ணி விட்டுக் கல்லுல உரைச்சாத்தான் இப்படி வரும்" என்றாள் ஷஹீலா.

யசோதினி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கோர்வையில்லாமல் சொல்லி முடித்தாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த பிள்ளை பால் குடிக்காவிட்டால், இழுப்பு வந்தால், அம்மா அந்தக் காசை வசம்போடு சேர்த்துத் தாய்ப்பாலில் உரைத்து நாக்கில் தடவுவாள். அந்த ஓரம் அப்படித் தேய்ந்ததுதான். லயத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் அந்த வெள்ளியை நக்கியவர்கள். அப்படியென்றால் சமீபத்தில் யாரோ ஒரு பிள்ளைக்காக அதே ஓரத்தில், அதே பழக்கத்தில் உரைத்திருக்கிறார்கள். அந்த முறை தெரிந்தவர்கள் யார்?

"அம்மா இருக்காங்க மேடம்" என்றாள்.

றினாஸுக்கு வாயில் சிரிக்கவைக்க ஒரு பகிடி வந்தது. விழுங்கிவிட்டான்.

பண்டாரவளை தாண்டி அப்புத்தளை வரைக்கும் ஓட்டோவில் யசோதினி ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். அம்மாவுக்கு இப்போது நரைத்திருக்குமா, தன்னை அடையாளம் தெரியுமா, அப்பாவைப் பார்க்க இன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்றெல்லாம் கேட்டாள். ஒருதடவை சிரித்தாள்கூட. அந்தச் சிரிப்பு றினாஸை என்னவோ செய்தது. அப்புத்தளையில் அவள் ஆஸ்பத்திரிக்கு போன் பேச இறங்கியபோது ஷஹீலா முன்பக்கம் குனிந்தாள்.

"கழுத்துல கிடக்கிற வெள்ளி கறுக்காது றினாஸ். உடம்பு பட்டுப் பட்டு மினுங்கும். மண்ணுக்குள்ள கிடந்தா கீறல் விழுந்தீக்கும். இது துணியில சுத்தி, பெட்டியில வருஷக் கணக்கா வச்ச காசு."

"அப்ப அவட உம்மா..."

"இந்தக் காசு மண்ணுக்குள்ள போகவே இல்ல."

இதை ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று றினாஸ் கேட்டான். காசு தப்பியது தெரிகிறது, ஆள் தப்பினாளா இல்லையா என்று தெரியாது, பாதி தெரிந்ததைச் சொல்லி ஒருத்தியைக் கொல்லக்கூடாது என்றாள் ஷஹீலா. அத்தோடு நிறுத்தாமல், முன்னொருநாள் கேட்ட ஒன்றை நினைவூட்டினாள். காசின் படத்தைக் காட்டியபோது அழகர் என்ன சொன்னார்? எதுவும் பேசாமல் கிடந்த மனுஷர் ஒரேயொரு கேள்வி கேட்டார். 'புள்ளைக்குச் சரியாயிருச்சா?' என்று. நிமலனை நினைத்துப் பிதற்றுகிறார் என்று யசோதினி அழுதாள்.

"நிமலனுக்கு சுகமில்லாம இருந்ததா யாரும் சொல்லல்ல றினாஸ். அப்ப எந்தப் புள்ளைக்கு?"

யசோதினி திரும்பி வந்தாள். அப்பா கண்ணைத் திறக்கவில்லையாம், சீக்கிரம் போகலாம் என்றாள். றினாஸ் வளைவுகளில் ஹோர்ன் அடித்துக்கொண்டே இறக்கத்தில் பறந்தான்.

பெரகல நிஸாமின் கடையில் முன்னால் பிளாஸ்டிக் சாமான், பின்னால் வெள்ளிச் சாமான். அவருக்குக் காசு ஞாபகம் இருந்தது, கொண்டுவந்தவன் முகம் ஞாபகம் இல்லை. தோட்டத்து ஆம்பிளை ஒருத்தன், பழைய வெள்ளியைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைக்குக் கொலுசு மாற்றிக்கொண்டு போனான். எந்தத் தோட்டம் என்று கேட்டதற்குக் கையை விரித்தார். சந்திக்குத் தினமும் வந்து போகிற ஆயிரம் பேரில் அவன் ஒருத்தன்.

யசோதினி கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். "கூட வயசான பொம்பளை யாராச்சும் வந்தாங்களா? நல்லா யோசிச்சுப் பாருங்க. கன்னத்துல மச்சம் இருக்கும்." நிஸாம் பாவமாகத் தலையை ஆட்டினார். அவள் அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டாள், பிறகும் கேட்டாள். கடைக்கு வந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். றினாஸ் வெளியே போய் ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்தான். கண்ணாடியில் தூசு ஒன்றும் இல்லை.

ஷஹீலா மட்டும் காசை விட்டுவிட்டுக் கொலுசைப் பிடித்தாள். என்ன அளவு, என்ன மாதிரி என்று விசாரித்தாள். நிஸாமுக்கு முகம் மலர்ந்தது. ஏனென்றால் அந்தக் கொலுசு அவரை இரண்டு நாள் படுத்தியிருந்தது. அந்த மனுஷன் அளவுக்கு இரண்டு நூல் கொண்டுவந்தானாம், ஒன்று நீளம், ஒன்று கட்டை. பத்துப் பதினொரு வயசுப் பிள்ளைக்கு ஒரு கால் சரி, மற்றக் கால் பிறந்ததிலிருந்தே சூம்பல். ஜோடியில் ஒன்றை அறுத்துச் சின்னதாக்கிக் கொடுத்தாராம். அவன் எந்தப் பக்கத்து பஸ் ஏறினான் என்பதும் இப்போது வந்தது. கொஸ்லந்த பஸ்.

"பத்துப் பதினொரு வயசு" என்று ஷஹீலா தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதன் பிறகு அவள் பேசவில்லை. அவள் பேசாமல் போனால் ஏதோ முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். அவிழ்ந்தது நல்ல முடிச்சில்லை என்று அவள் முகம் சொன்னது.

கொஸ்லந்தையில் றினாஸின் ராஜ்யம் தொடங்கியது. பொலிஸுக்குத் தெரியாததெல்லாம் ஓட்டோ ஸ்டாண்டுக்குத் தெரியும் என்பது அவன் கொள்கை. ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் நாலு பொய்யும் செலவழித்து, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளையின் வீட்டைக் கேட்டுக்கொண்டு வந்தான். மலைக்கு அந்தப் பக்கத்து மேல் லயம். அம்மா பேர் ஜெயலெட்சுமி. அங்கிருந்து மீரியபெத்தைக்கு ஒற்றையடிப் பாதை இருந்ததாம், ஒரு காலத்தில்.

மேல் லயத்துக்கு ஓட்டோ போகாது. கொழுந்துச் செடிகளுக்கு நடுவில் ஏறிய பாதையில் யசோதினி அவர்களுக்கு முன்னால் ஓடினாள். வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், மறுபடி ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் லயத்தில் ஆட்கள் இருந்தார்கள். துணி காயப்போட்டவள், தலை வாரியவள், தண்ணீர் பிடித்தவள் என்று ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் அவள் நின்று நின்று பார்த்தாள். வயதான முகமென்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள். றினாஸ் வாழ்க்கையில் முதல்தடவையாக, இன்றைக்கு நாங்கள் எதையும் கண்டுபிடிக்காமல் போனால் நல்லது என்று நினைத்தான்.

கடைசிக் காம்பராவின் கதவுவழியே ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். யசோதினியைப் பார்த்ததும் அவள் கையில் இருந்த அரிசிச் சுளகு தரையில் விழுந்தது.

"ரெங்கம்மாக்கா மக" என்றாள்.

அவள்தான் ஜெயலெட்சுமி. உள்ளே கூப்பிட்டாள், பாயை விரித்தாள், சிதறிய அரிசியைப் பொறுக்கினாள், பொறுக்கியதை மறுபடி கொட்டினாள். அடுப்பில் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. அலமாரியில் கோப்பைகள் கவிழ்ந்திருந்தன. ஆனால் ஒரு வாய் தேத்தண்ணி குடியுங்கள் என்று அவள் சொல்லவில்லை. லயத்துக்குப் போய்த் தேத்தண்ணி குடிக்காமல் திரும்பிய ஆளை றினாஸ் இன்றுவரை கண்டதில்லை. கடன் வசூலிக்கப் போனவனுக்குக்கூடக் கொடுப்பார்கள்.

"தாத்தா, நாங்க என்னமும் தப்பான ஆக்களா?" என்று அவன் ஷஹீலாவின் காதில் மெதுவாகக் கேட்டான். ஷஹீலா கேத்தலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யசோதினிக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. "எங்கம்மா எங்க?" என்று கேட்டாள். ஜெயலெட்சுமி வாய் திறக்காததால் எழுந்து உள்ளறையை எட்டிப் பார்த்தாள். கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தாள். "எங்கம்மாவை எங்க வச்சிருக்கீங்க? அப்பா சாகக் கிடக்காரு. ஒருதடவை காட்டுங்க போதும்." அந்தக் குரலைக் கேட்டு அடுத்த காம்பராவில் ரேடியோவை நிறுத்தினார்கள்.

ஷஹீலா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பிறகு ஜெயலெட்சுமியிடம் மெதுவாகக் கேட்டாள். "அன்னைக்குக் காலையில காசை இங்க கொண்டுவந்தது அழகர்தானே?"

ஜெயலெட்சுமி சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எம் புள்ள பொறந்து பாலே குடிக்கல. அக்காகிட்ட அந்தக் காசைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தேன். விடிஞ்சதும் அண்ணன் கொட்டுற மழையில கொண்டாந்தாரு. உக்காரலங்க. மேல மண்ணு விரிஞ்சிருக்கு, ரெங்கம்மா சின்னவனைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பி நிக்கிறா, நான் போனதும் எல்லாரும் கோயிலுக்குப் போயிருவோம்னாரு. நான்தான் விடல. மழையில நனைஞ்சு வந்த மனுசனை வெறும் வயித்தோட அனுப்புறதான்னு, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கண்ணேன்னு கையைப் புடிச்சு உக்கார வச்சேன். அவரு குடிச்சிக்கிட்டு இருக்கையிலதான் அந்தச் சத்தம் கேட்டுச்சு."

மீதியை அவள் அழுதுகொண்டே சொன்னாள். அதற்குப் பிறகு அழகர் காசைக் கேட்டு வரவில்லை. அவளும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. எந்த முகத்தோடு கொடுப்பது? துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள். போன தீபாவளி சமயம் தன் சின்னப் பையனுக்கு இழுப்பு வந்தபோது பயந்துபோய் எடுத்து உரைத்தாள். காசு வெளியில் கிடந்ததைப் பார்த்த புருஷன், அவள் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருந்த நேரம், மகளுக்குக் கொலுசாக மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். அவனுக்கு எதுவும் தெரியாது. இந்த வீட்டுக்கு வருகிற யாருக்கும் தன் வாயால் தேத்தண்ணி குடி என்று அன்றிலிருந்து அவள் சொன்னதில்லை.

யசோதினி அழவில்லை. எழுந்து வாசலில் போய் நின்றாள். மலைக்கு அந்தப் பக்கம்தான் அவள் அம்மா இருந்தாள், இத்தனை வருஷமும் அங்கேயேதான் இருந்தாள். அப்பா தலையாட்டினாரே, அந்தத் தலையாட்டலை அவள் இப்போது நினைத்துக்கொண்டிருப்பாள் என்று றினாஸுக்குத் தோன்றியது. அம்மாவிடம் அந்தக் காசு இல்லை என்று தெரிந்தே தலையாட்டிய மனுஷன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவள் இன்றைக்கு ஒவ்வொரு கிழவியின் முகத்தையும் பார்த்துக்கொண்டு ஓடியிருக்க மாட்டாள். அவனுக்கே அந்த மனுஷன்மேல் கோபம் வந்தது. பெற்ற மகளுக்கு எவ்வளவு வரும்?

கொலுசு குலுங்கியது. தண்ணீர்க் குடத்தோடு ஒரு சிறுமி காலைச் சாய்த்து நடந்து வந்து, வாசலை மறித்து நின்ற புது ஆளை அண்ணாந்து பார்த்தாள். யசோதினியும் அவளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் துணைக்கிருந்த பெண், போனை அவர் காதில் வைத்துப் பிடித்தாள். யசோதினி தன் போனில் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்ததால், அந்தப் பக்கம் மூச்சு இழுப்பது இந்தப் பக்கம் எல்லாருக்கும் கேட்டது.

"அப்பா, ஜெயலெட்சுமி அக்கா வீட்ல இருக்கேன். புள்ளைக்குச் சரியாயிருச்சுப்பா."

மூச்சு மட்டும் வந்தது.

"பொண்ணு. நல்லா வளந்திருச்சு. ஓடுது, தண்ணி தூக்குது. நீங்களே கேளுங்க." அவள் குனிந்து போனைச் சிறுமியின் காலருகே பிடித்தாள். கொஞ்சம் நடந்து காட்டச் சொன்னாள். சிறுமி ஒன்றும் புரியாமல் நாலு எட்டு நடந்தாள், திரும்பி நடந்தாள். பெரிய கொலுசும் சின்னக் கொலுசும் மாறி மாறிக் கேட்டன.

போனில் அழகர் பேசினார். பல நாளாகப் பேசாத குரல் கரகரத்தது.

"நான் தேத்தண்ணி குடிச்சேன்ம்மா."

றினாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஷஹீலா முந்தானையைக் கண்ணில் வைத்தாள்.

யசோதினி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் ஒரு மனுஷன் சாகாமல் காத்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்ப்பா" என்றாள். "இருங்க, வந்துர்றேன். இன்னைக்கு அம்மாவுக்கு விளக்கேத்துவோம்."

போனை மடியில் வைத்துக்கொண்டு, ஜெயலெட்சுமி விரித்த பாயில் வந்து உட்கார்ந்தாள். பதுளைக்குத் திரும்ப வெகுதூரம் இருந்தது. இருட்டுவதற்குள் போகவேண்டும், கிளம்பலாமா என்று றினாஸ் எழப் பார்த்தான். ஷஹீலா அவனை இருக்கச் சொல்லிக் கண் காட்டினாள்.

யசோதினி அடுப்பைப் பார்த்தாள். கேத்தல் வற்றிப்போயிருந்தது.

"அக்கா" என்றாள், "தேத்தண்ணி ஊத்துங்க. குடிச்சிட்டுப் போறோம்."

ஜெயலெட்சுமி கேத்தலைத் தண்ணீரில் நிரப்பி மறுபடி அடுப்பில் வைத்தாள். விறகு ஈரம், கொதிக்க நேரம் பிடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.